கல்லூரிக் கடனும் அடிமை விலையும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இயேசு சபைக் குருமார் பல தோட்டங்களை உடையவராயிருந்தனர். அவற்றில் உழைத்தோர் கறுப்பின அடிமைகள். ஞானஸ்நானம் அளித்த குருமாரே அவர்கட்கு எசமானர்களாகவும் விளங்கினர்.

1838-ஆம் ஆண்டில், சபையின் மாநிலத் தலைவர் தாமஸ் மல்லெடி, 272 பேரை 115,000 அமெரிக்க வெள்ளிக்கு லூசியானாத் தோட்ட முதலாளிகள் இருவருக்கு விற்க உடன்படிக்கை செய்தார். குடும்பங்களைப் பிரிக்கலாகாது, வழிபாட்டுக்குத் தடை நேரலாகாது, பணத்தைக் கடனடைக்கப் பயன்படுத்தலாகாது என்னும் நிபந்தனைகளின்பேரிலேயே ரோமாபுரியிலிருந்த சபைத் தலைவர் ரோத்தான் இசைவு தந்திருந்தார். அவை காற்றில் பறந்தன. குடும்பங்கள் சிதறின, பலருக்குக் கோயில் வழிபாடு எட்டாததாயிற்று, பணத்தின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைத்தது.

1839-இல் பாப்பரசர் 16-ஆம் கிரகோரியார் அடிமை வாணிபத்தைக் கண்டித்துத் திருமுகம் விடுத்தார். அது ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கொணரும் வாணிபத்தையே குறித்தது, உள்நாட்டு அடிமை முறையையன்று எனச் சார்ல்ஸ்டன் ஆயர் ஜான் இங்கிலந்து விளக்கங் கூறினார். விளக்கத்தினால் விலங்குகள் நீடித்தன.

2017-இல் பல்கலைக்கழகமும் சபையாரும் வழித்தோன்றல்களிடம் மன்னிப்புக் கோரினர். முன்னர் மல்லெடியின் பெயர் தாங்கிய கட்டடத்திற்கு, விற்பனைப் பட்டியலில் முதலாவதாக நின்ற ஐசக் ஹாக்கின்சின் பெயர் சூட்டப்பட்டது. விலைபோனவரின் பெயர் கல்விக்கூடத்தின் வாயிலுக்கு வந்துசேர 179 ஆண்டுகள் சென்றன.