மின்னல் மூட்டும் காட்டுத் தீ

1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20, 21 ஆகிய இரு நாள்களில் அமெரிக்காவின் ஐடகோ, மான்டானா மாநிலங்களில் ஏறத்தாழ 30 இலட்சம் ஏக்கர் மலைக்காடு எரிந்து சாம்பலாயிற்று. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தீயணைக்கச் சென்றவர்களே. மழையின்றி வந்த இடிமின்னலும் இரயில் எஞ்சின்களின் தீப்பொறியும் அந்தக் கோடையில் ஆங்காங்கே நெருப்பை மூட்டியிருந்தன. பெருங்காற்று வீசவே, அவை ஒன்றுகூடிப் பெருந்தீயாயின.

மின்னல் எவ்வாறு மரத்தை எரிக்கிறது? மின்னல் பாயும் வழியில் காற்று ஏறத்தாழ 30,000 டிகிரி வரை சூடேறுகிறது. ஆனால் அந்த வெப்பம் கண்ணிமைக்கும் நேரங்கூட நிலைப்பதில்லை. அதனால் மரம் பிளக்குமே தவிர எளிதில் தீப்பற்றாது. சில மின்னல்களில் மட்டும் முதல் வீச்சுக்குப் பின்னும் சில நூறு ஆம்பியர் மின்னோட்டம் சற்று நீடிக்கும். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நீடித்தாலே போதும், காய்ந்த மரம் பற்றிக்கொள்ளும்.

இதனுடன் வறட்சியும் சேர வேண்டும். மேகத்தின் கீழுள்ள காற்று வறண்டிருந்தால், மழைத்துளிகள் தரையை எட்டுமுன்பே ஆவியாகிவிடும்; மின்னல் மட்டும் இறங்கும். 2020 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் இத்தகைய மின்னல்கள் மூட்டிய ஒரு தீத்தொகுதி மட்டும் 10 இலட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது.

நம் பக்கம் நிலைமை வேறு. எடப்பாடிச் சமவெளியை அடுத்த பாலமலையிலும் சேர்வராயன் மலையிலும் மாசி, பங்குனி மாதங்களில் சருகு காய்ந்து கிடக்கும். அப்போது இடி அரிது. சித்திரை, வைகாசியில் இடி வரும்; பெரும்பாலும் மழையும் உடன் வரும். எனவே இந்தியாவில் மின்னலால் எழும் காட்டுத் தீ மிகக் குறைவு. அணைக்காத அடுப்பு, வீசியெறிந்த பீடித்துண்டு, புல் தழைக்க வைக்கும் நெருப்பு என ஏறக்குறைய எல்லாத் தீயும் மனிதனால் எழுவதே.

இதை உணர்ந்தே 1860-களில் மத்திய மாகாணத்துப் போரிக் காட்டில் தீத்தடுப்புப் பணி தொடங்கப்பட்டது. 2004 முதல் இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் வழியே தீயைக் கண்டறிந்து எச்சரித்து வருகிறது. எனினும் 2018 மார்ச் 11-ஆம் நாள் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் பரவிய தீ, மலையேறச் சென்ற 23 பேரைப் பலிகொண்டது. சரிவில் தீ மேல்நோக்கி மிக விரைந்து பரவும்; எச்சரிக்கை கிடைத்தாலும் ஓடித் தப்புவது கடினம்.

மின்னலை நம்மால் நிறுத்த இயலாது. ஆனால் நம் காடுகளை எரிப்பது பெரும்பாலும் மின்னலன்று. கோடையில் மலைக்குச் செல்வோர் தீப்பெட்டியை வீட்டிலேயே விட்டுச் செல்வது நலம்.