வீணைக்காரர் கட்டிய பயம்

படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது. சிவாஜி கணேசன் சுருண்டு விழுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். கதாநாயகனே செத்துவிட்டான், இனி என்ன பார்ப்பது?

1954 ஏப்ரல் 13 அன்று வெளியான ‘அந்த நாள்’ இப்படித்தான் ஆரம்பித்தது. ஏவி.எம். தயாரிப்பு. இதே நிறுவனம் 1948இல் ‘வேதாள உலகம்’ எடுத்தது. அந்தக் காலத்துப் படங்களில் வேதாளமும் மந்திரவாதியும் வாயைப் பிளக்க வைத்தார்கள், வயிற்றைக் கலக்கவில்லை. மனிதனைப் பார்த்து மனிதன் மிரளும் பயத்தைத் தமிழ்த் திரையில் நிலைநிறுத்தியவர் ‘அந்த நாள்’ படத்தை இயக்கிய எஸ். பாலசந்தர், வீணை வித்வான்.

சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு போட்டது 1943 அக்டோபரில். படத்தின் கதையில், மறுநாள் ரேடியோ இன்ஜினீயர் ராஜன் (சிவாஜி) கொல்லப்படுகிறான். மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், காதலி என்று ஐந்து பேர்மேல் சந்தேகம். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்ட, கொலை ஒவ்வொரு விதமாகத் திரையில் நடக்கிறது. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ராஷோமான்’ படம் தந்த தூண்டுதல் இது. சி.ஐ.டி. அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன்தான் வசனமும் எழுதினார். விசாரணை நகர நகர, செத்தவனைப் பற்றிய நம் எண்ணமும் மாறிக்கொண்டே போகிறது. கொலையாளி யார் என்று இங்கே சொல்வது பாவம்.

படத்தில் ஒரு பாட்டுகூடக் கிடையாது. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் இதுதான். பாட்டு வந்தால் பார்வையாளன் மூச்சு விட்டுக்கொள்வான். அந்த இடைவெளியைப் பாலசந்தர் தரவில்லை. எங்கே ஒலி நிற்க வேண்டும் என்பது சங்கீதக்காரருக்குத் தெரியாதா?

பத்து வருஷம் கழித்து ‘பொம்மை’ (1964) எடுத்தார். ஒருவரைக் கொல்ல பொம்மைக்குள் குண்டு வைக்கிறார்கள்; பொம்மையோ கைமாறி ஊரெல்லாம் சுற்றுகிறது. இங்கே மர்மமே இல்லை. குண்டு இருப்பது நமக்குத் தெரியும், பொம்மையைத் தூக்கிக்கொண்டு போகிறவருக்குத் தெரியாது. அந்தத் தவிப்புதான் படம். இதில் பாட்டு உண்டு, இசையும் அவரே. கடைசியில், திரைக்குப் பின்னால் உழைத்தவர்களை முகம் காட்டி அறிமுகப்படுத்தினார். அந்த மரியாதைக்காகவே அவரைக் கும்பிடலாம்.

அகதா கிறிஸ்டி நாவலைத் தழுவி, தீவு பங்களாவில் கூடிய குடும்பம் ஒவ்வொருவராகச் சாகும் ‘நடு இரவில்’ 1970இல் வந்தது. அதன்பின் அவர் படம் இயக்கவில்லை, வீணையோடு இருந்துவிட்டார்.