'ஹிந்துஸ்தான்' பாகிஸ்தானுக்குப் போன கதை

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். 'ஹிந்துஸ்தான்'னு பேர் வெச்ச ஒரு போர்க்கப்பல், எந்த நாட்டுக் கடற்படையில தன் கடைசிக் காலத்தைக் கழிச்சிருக்கும்? பதில்: பாகிஸ்தான். எப்படின்னு பார்க்கலாம்.

இது பெரிய கப்பல் இல்ல. ஆயிரம் டன்னுக்குக் கொஞ்சம் மேல, இரண்டு 4 அங்குல பீரங்கிகள், மணிக்கு சுமார் 16 நாட் வேகம். இந்த ரகத்துக்கு 'ஸ்லூப்'னு பேர். எதிரிக் கப்பலைத் துரத்திப் பிடிக்கிற வேகமெல்லாம் இதுக்குக் கிடையாது. ரோந்து போறது, சரக்குக் கப்பல்களுக்குத் துணையா போறது, இதுதான் வேலை. இங்கிலாந்துல ஸ்வான் ஹண்டர் கப்பல் கட்டும் தளத்துல 1930ல கடல்ல இறக்கினாங்க. காசு இந்தியாவோடது, கட்டினது இங்கிலாந்து, கட்டளை பிரிட்டிஷ் அதிகாரிகளோடது.

அது சேர்ந்த முதல் படை 'ராயல் இந்தியன் மரீன்'. 1934ல அந்தப் படையே 'ராயல் இந்தியன் நேவி' ஆச்சு. கப்பல் அதேதான், மாலுமிகளும் அதே ஆட்கள்தான், பேர் மட்டும் மாறிச்சு. இரண்டாம் உலகப் போர்ல இந்தியப் பெருங்கடல்ல கப்பல் கூட்டங்களுக்குக் காவல் போச்சு. போர் தொடங்கினப்போ இரண்டாயிரத்துக்கும் குறைவான பேர் இருந்த கடற்படை, போர் முடியறப்போ இருபதாயிரத்தைத் தாண்டிடுச்சு. படிச்ச இளைஞர்கள் நிறைய பேர் உள்ள வந்தாங்க. ஆனா வெள்ளைக்கார மாலுமியை விடக் குறைவான சம்பளம், மட்டமான சாப்பாடு, அதிகாரிகளோட இனவெறிப் பேச்சு, இதெல்லாம் அப்படியே இருந்துச்சு.

1946 பிப்ரவரி 18. பம்பாய்ல 'தல்வார்'ங்கிற சிக்னல் பயிற்சிப் பள்ளியில மாலுமிகள் வேலைநிறுத்தம் ஆரம்பிக்கிறாங்க. சாப்பாட்டுல ஆரம்பிச்சது சுதந்திரக் கோரிக்கையில போய் நின்னுச்சு. காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கட்சி, மூணு கொடியும் ஒண்ணா ஏறிச்சு. பிரிவினைக்கு ஒன்றரை வருஷம்தான் இருக்குன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

செய்தி கராச்சிக்குப் போச்சு. அங்க துறைமுகத்துல நின்ன கப்பல்தான் ஹிந்துஸ்தான். மாலுமிகள் கப்பலைத் தங்கள் கையில எடுத்துக்கிட்டாங்க. மனோரா தீவுல இருந்த பயிற்சி நிலையங்களும் சேர்ந்துக்கிச்சு. பிப்ரவரி 21ல கப்பலுக்கும் கரையில இருந்த ராணுவத்துக்கும் நடுவுல துப்பாக்கிச் சண்டை. மன்னரோட பேர்ல இருந்த கப்பல், மன்னரோட படையை நோக்கிச் சுட்டுச்சு.

மறுநாள் காலை ராணுவம் கெடு விதிச்சது. சரணடையலைன்னதும் கரையிலிருந்து பீரங்கியாலும் மார்ட்டராலும் சுட்டாங்க. கடல் வற்றிக் கப்பல் தாழ்ந்து நின்ன நேரம் அது, அதனால மேல்தளத்துல இருந்தவங்களுக்கு மறைவே இல்ல. அரை மணி நேரம்கூட ஆகல, வெள்ளைக்கொடி ஏறிடுச்சு. மாலுமிகள்ல உயிரிழந்தவங்களும் இருந்தாங்க. 23ஆம் தேதி பம்பாயும் பணிஞ்சுது. சர்தார் படேலும் ஜின்னாவும் சரணடையச் சொன்னது அதுக்கு ஒரு முக்கியக் காரணம். எதுலயும் ஒத்துப்போகாத இரண்டு கட்சிகள் இந்த விஷயத்துல ஒரே பேச்சுப் பேசினாங்க.

அடுத்த வருஷம் பாகப்பிரிவினை. நாற்காலி, டைப்ரைட்டர்லேர்ந்து போர்க்கப்பல் வரைக்கும் பங்கு போட்டாங்க. புது ஸ்லூப்கள் ஆறு. அதுல சட்லெஜ், ஜமுனா, கிருஷ்ணா, காவேரி நாலும் இந்தியாவுக்கு. நர்மதாவும் கோதாவரியும் பாகிஸ்தானுக்கு. இந்தியாவுக்குள்ளயே ஓடுற இரண்டு நதிகளோட பேர் அங்க எப்படி நிக்கும்? நர்மதா 'ஜீலம்' ஆச்சு, கோதாவரி 'சிந்து' ஆச்சு. பழைய ஹிந்துஸ்தானும் பாகிஸ்தான் பங்குக்குத்தான் போச்சு. 1948ல அதுக்கு 'கர்சாஸ்'னு புதுப் பேர் வெச்சாங்க. 1950களோட தொடக்கத்துல பழைய இரும்பா உடைச்சுட்டாங்க. கர்சாஸ்ங்கிற பேர் மட்டும் இன்னைக்கும் கராச்சியில ஒரு கடற்படைப் பயிற்சி நிலையத்துக்கு இருக்கு.

ஒரு விஷயம் கவனிச்சீங்களா? ராயல் இந்தியன் மரீன், ராயல் இந்தியன் நேவி, ராயல் பாகிஸ்தான் நேவி. மூணு படையிலயும் 'ராயல்' அப்படியே இருக்கு. பாகிஸ்தான் 1956ல குடியரசாகும் வரை அந்தச் சொல் போகல. அதாவது இந்தக் கப்பல் வாழ்நாள் முழுக்க லண்டன்ல இருந்த மன்னரோட பேர்லதான் ஓடுச்சு. மாலுமிகள் கையில இருந்த அந்தச் சில நாள்தான் விதிவிலக்கு.

அந்த மாலுமிகள் என்ன ஆனாங்க? கலகத்துக்காக நூற்றுக்கணக்கானவங்களை வேலையை விட்டு அனுப்பினாங்க. சுதந்திரம் வந்தப்புறமும் இந்தியக் கடற்படையும் சரி, பாகிஸ்தான் கடற்படையும் சரி, அவங்களைத் திரும்பச் சேர்த்துக்கல. கப்பலைப் பங்கு போட்டவங்க, அதுல நின்னு சுட்டவங்களைத் தங்கள் பங்குன்னு கேட்கல. ஒழுங்கு மீறினவங்களைச் சேர்த்தா நாளைக்கு நம்ம படையிலயும் இதே நடக்கும்னு இரண்டு புது அரசுகளுக்கும் பயம். அந்தப் பயத்துல ஒரு நியாயம் இருக்குன்னே வெச்சுக்கலாம். ஆனா அதுக்கான விலையைக் கொடுத்தது இருபது, இருபத்திரண்டு வயசுப் பசங்க.

பல வருஷம் கழிச்சு மும்பை கொலாபாவுல ஒரு நினைவுச்சின்னம் வந்துச்சு. கலகத்துல முன்னாடி நின்ன பி.சி. தத், மதன் சிங் பேரை இந்தியக் கடற்படை இரண்டு இழுவைப் படகுகளுக்கு வெச்சுது. அடுத்த முறை மும்பை போனா கொலாபா பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.