ஈர்வாளும் சங்கிலிவாளும்: திருக்கோணமலைக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மனித நாகரிகத்தின் வரலாறு அவன் கையாண்ட கருவிகளின் வரலாறே எனக் கூறின் அது மிகையாகாது. ஆயினும் அரசர் எழுப்பிய கோயில்களையும் அந்நியர் கட்டிய கோட்டைகளையும் ஆராய்ந்த அளவுக்கு, அக்கோயிற் கதவுகளுக்கும் கோட்டை உத்தரங்களுக்கும் மரம் அரிந்தவர் யாவர், அவர் எக்கருவி கொண்டு அரிந்தனர் என்பதை நம் வரலாற்றாசிரியர் ஆராய்ந்தாரல்லர். கல்வெட்டில் இடம்பெறும் பேறு கல் தச்சனுக்கே அரிதாக வாய்த்தது. மரம் அரிந்தவனுக்கு அதுவும் வாய்க்கவில்லை. அவனைப் பற்றி எஞ்சியுள்ள சான்று அவன் கருவி ஒன்றே. அக்கருவியும் இன்று பழைய இரும்பாக நிறுத்து விற்கப்படும் நிலையில், அதனைத் தேடிச் சேர்த்துச் செப்பனிட்டுப் பேணுதல் வரலாற்றுப் பணியாகுமா என்னும் வினாவே இக்கட்டுரையின் பொருளாகும்.

இவ்வினாவை எழுப்புதற்குத் திருக்கோணமலை மாவட்டம் மிகப் பொருத்தமான களமாகும். நகருக்கு வடக்கே, நிலாவெளி வீதியில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ அமைந்தது சாம்பல்தீவு. இக்கரையோரக் கிராமங்களுக்கு மேற்கேயும் தெற்கேயும் கன்னியா, தம்பலகாமம், கந்தளாய் எனவும், வடக்கே குச்சவெளி, திரியாய் எனவும் விரியும் நிலப்பரப்பு உலர்வலயக் காடுகளுக்குப் பெயர்பெற்றது. கடலும் காடும் இத்துணை அண்மையில் அமைந்தமையால், மரம் அரியும் தொழிலும் துறைமுகமும் இங்கு ஒன்றையொன்று சார்ந்து நின்றன.

திருக்கோணமலை மரம்

இத்துறைமுகத்தின் பெயரையே தாங்கி வணிக உலகில் வலம்வந்த மரம் ஒன்று உண்டு. தமிழில் சாவண்டலை எனவும் சிங்களத்தில் ஹல்மில்ல எனவும் வழங்கும் அம்மரத்தை ஆங்கிலேய வணிகர் திருக்கோணமலை மரம் என்றே அழைத்தனர். வளைந்து கொடுக்கும் இயல்பும் உறுதியும் ஒருங்கே உடைய இம்மரம் சென்னைக்கு ஏற்றுமதியாயிற்று. அங்கு அலைமிகுந்த கரையில் ஆட்களையும் பண்டங்களையும் ஏற்றியிறக்கிய மசூலாப் படகுகளுக்கும், வண்டிகளின் ஏர்க்கால்களுக்கும் ஆரைக்கால்களுக்கும் இது பயன்பட்டது. பீப்பாய்கள் செய்வதற்கும் இது சிறந்ததெனக் கொள்ளப்பட்டது.

முதிரை, பாலை, கருங்காலி என்பனவும் இக்காடுகளின் செல்வங்களே. பாலை நீரில் இட்டால் மூழ்கும் அளவு செறிவானது. முதிரையின் உறுதிக்குப் பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 1833இல் அமைக்கப்பட்ட பாலம் சான்றாயிற்று. 205 அடி நீளமுள்ள ஒரே வளைவாக, முதிரை மரத்தால் ஆக்கப்பட்ட அப்பாலம் 1905 வரை நிலைத்தது. அதனைக் கட்டுவித்த பொறியியலாளரின் பெயர் நூல்களில் உண்டு. அம்மரங்களை அரிந்தவர் ஒருவரின் பெயரேனும் அவற்றில் இல்லை.

கோடரியும் ஈர்வாளும்

சங்கு அறுக்கும் அரத்தைச் சங்கப் புலவர் அறிந்திருந்தனர். எனவே பல்லுடைய இரும்பால் கடினமான பொருளை ஈரும் நுட்பம் தமிழருக்குப் புதியதன்று. பெருமரங்களைப் பலகையாக்கும் தொழில் இருவர் இழுக்கும் நெடிய ஈர்வாளால் நடைபெற்றது. நிலத்திலே கிடங்கு வெட்டி, அதன் மேல் மரத்தைக் கிடத்துவர். அல்லது உயர்ந்த தாங்கிகளின் மீது ஏற்றுவர். மேலே நிற்பவர் குறித்த கோடு வழியே வாளை நடத்துவார். கீழே நிற்பவர் இழுப்பார். மரத்தூள் முழுவதும் கீழே நிற்பவரின் தலையிலும் கண்ணிலும் விழும். இருவர் மூச்சும் இசையாவிடின் வாள் கோணும். வாள் கோணின் பலகை பாழாகும்.

வாளின் பற்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் சாய்த்து விடுவர். அவ்வாறு செய்தாற்றான் அரியும் வழி வாளின் தடிப்பிலும் சற்று அகன்று, வாள் இறுகாமல் ஓடும். பாலை போன்ற வன்மரங்களை அரியும்போது பற்கள் விரைவில் மழுங்கும். அடிக்கடி அரத்தால் தீட்டுதல் வேண்டும். முதிரையின் தூளோ தோலில் அழற்சியை உண்டாக்குவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் கப்பற்றளத் தொழிலாளரிடையே இந்நோய் மருத்துவர் கவனத்தைப் பெற்றது. அதே மரத்தை அது வளர்ந்த காட்டிலேயே அரிந்தவர் அடைந்த இடரும் அதனின் வேறாக இருந்திருக்க முடியாது.

சங்கிலிவாளின் தோற்றம்

மரம் அரிதலை இயந்திரமயமாக்கிய சங்கிலிவாள் மருத்துவரின் கையிலேயே முதன்முதல் தோன்றியது என்பது வியப்புக்குரிய செய்தியாகும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்கொத்லாந்து மருத்துவர்களான ஜோன் எயிற்கன், ஜேம்ஸ் ஜெப்ரி ஆகியோர் எலும்பை அறுத்தற்குப் பல்லுடைய நுண்சங்கிலியைக் கையாண்டனர். 1830ஆம் ஆண்டளவில் ஜேர்மனியரான பேர்ண்ஹார்ட் ஹைனே என்பார் கைப்பிடியைச் சுழற்ற, தகடொன்றைச் சுற்றிச் சங்கிலி ஓடும் கருவியை ஆக்கினார். இன்றைய சங்கிலிவாளின் அடிப்படை வடிவம் அதிலேயே அமைந்துவிட்டது.

காட்டு வேலைக்கு உகந்த கருவி உருவாக மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. 1926இல் ஜேர்மனியில் அந்திரேயாஸ் ஷ்டீல் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலிவாளை ஆக்கினார். அதன் எடை 64 கிலோகிராம். மறு ஆண்டில் எமில் லேர்ப் என்பார் பெற்றோலால் இயங்கும் வாளொன்றைத் துரிஞ்சியா மாநிலத்துத் தொல்மார் மலையிற் பரிசோதித்து, அம்மலையின் பெயரையே தம் நிறுவனத்துக்கும் இட்டார். 1929இல் ஷ்டீல் வெளியிட்ட பெற்றோல் வாள் 46 கிலோகிராம் எடையுடையது. இவற்றை இயக்குதற்கு இருவர் வேண்டும். ஆகவே, தொடக்ககாலச் சங்கிலிவாள் பழைய ஈர்வாளின் இரட்டையர் முறையை ஒழிக்கவில்லை. அவர்தம் தசைக்குப் பதிலாக எஞ்சினை வைத்தது, அவ்வளவே.

ஒருவர் தனித்து ஏந்தும் வாள் இரண்டாம் உலகப் போரின் பின்னரே பரவலாயிற்று. 1950இல் ஷ்டீல் வெளியிட்ட ஒற்றையாள் வாளின் எடை 16 கிலோகிராம். 1959இல் வெளிவந்த கொன்றா என்னும் வாள் 12 கிலோகிராமாகக் குறைந்தது. இம்மாற்றத்துக்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, மக்னீசியக் கலப்புலோகத்தாலான இலேசான உடற்பகுதி. இரண்டாவது, காபரேற்றரில் நிகழ்ந்த மாற்றம். பழைய மிதவைக் காபரேற்றர் நிமிர்ந்த நிலையில் மட்டுமே தொழிற்படும். எனவே எஞ்சினை நிமிர்த்தியே வைத்து வாட்பகுதியை மட்டும் திருப்புவர். மென்றகட்டால் இயங்கும் காபரேற்றர் வந்தபின் வாளை எப்பக்கம் சரித்தாலும் ஈரடிப்பு எஞ்சின் ஓயாமல் ஓடியது. மூன்றாவது, சங்கிலியின் பல்லமைப்பு. 1946இல் ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில் யோசேப் கொக்ஸ் என்னும் மரத்தொழிலாளி, மரந்துளைக்கும் வண்டின் புழுவொன்று தன் தாடைகளை இடமும் வலமும் அசைத்து மரத்தைக் குடைவதைக் கூர்ந்து நோக்கினார். அதன் வழி அவர் ஆக்கிய சங்கிலிப் பல் மரத்தைச் சுரண்டாமல் செதுக்கி எடுத்தது. இன்றும் உலகெங்கும் வழங்குவது அதன் வழிவந்த அமைப்பே.

இலாபத்துடன் இழப்பும் வந்தது. நாட்கணக்கில் எஞ்சின் அதிர்வைத் தாங்கியவரின் விரல்கள் இரத்தவோட்டம் குன்றி வெளிறி உணர்விழந்தன. அதிர்வு தாங்கும் அமைப்புகள் 1960களிலும், சங்கிலியைக் கணத்தில் நிறுத்தும் தடுப்புகள் 1970களிலுமே பரவின. அதற்கு முற்பட்ட வாள்கள் இப்பாதுகாப்பின்றி உழைத்தவர் உடலுக்குச் சான்று பகர்கின்றன.

காட்டை அழித்தது எது?

காடழித்த கருவியைப் போற்றிப் பேணுதல் தகுமா எனச் சிலர் வினவுவர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. 1956இல் இலங்கை நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்காகக் கணிக்கப்பட்ட காடு, 2010இல் நூற்றுக்கு 30 பங்கிலும் சற்றுக் குறைந்துவிட்டது. இக்காலப்பகுதி சங்கிலிவாள் பரவிய காலத்தோடு பொருந்துவது உண்மையே.

ஆனால் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பின் வேறொரு காட்சி புலப்படும். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிப் பயிர்ச்செய்கையின் பொருட்டு மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டபோது சங்கிலிவாள் பிறக்கவேயில்லை. சரிவிலுள்ள மரங்களைக் கோடரியாற் பாதியளவு வெட்டி நிறுத்தி, மேல் வரிசையை மட்டும் வீழ்த்துவர். அது கீழுள்ள வரிசைகள் அனைத்தையும் சாய்த்துக்கொண்டு விழும். வெறுங் கோடரியாலேயே மலைகள் மொட்டையாயின. பின்வந்த குடியேற்றத் திட்டங்களும் நீர்ப்பாசனத் திட்டங்களும் உலர்வலயக் காடுகளைக் குறைத்தன. இவற்றைத் தீர்மானித்தது வாளன்று. நிலத்தைப் பற்றி ஆட்சியாளரும் முதலீட்டாளரும் கொண்ட கொள்கையே. கருவி அழிவின் வேகத்தைக் கூட்டிற்று. அழிவின் நோக்கத்தை அது வகுக்கவில்லை.

2019இல் சங்கிலிவாள் உடையோர் அவற்றைப் பொலிஸ் நிலையங்களிற் பதிவு செய்தல் வேண்டுமென இலங்கை அரசு பணித்தது. அவ்வாண்டிலேயே அவற்றின் இறக்குமதியைத் தடைசெய்யும் எண்ணத்தை அப்போதைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன வெளியிட்டார். காடு காக்கும் நோக்கம் வரவேற்கத்தக்கதே. எனினும், ஓட்டம் நின்ற பழைய வாளையும் காட்டுத் திருடனின் வாளையும் ஒன்றாக எண்ணி அஞ்சும் நிலை ஏற்படின், பழையதை வைத்திருப்பவர் அதனைப் பழைய இரும்புக்கே கொடுத்துவிடுவார். அதனால் காடு பிழைக்கப்போவதில்லை. வரலாறு மட்டுமே அழியும்.

பழையன பேணல்

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பழைய சங்கிலிவாள்களைத் தேடிச் சேர்ப்போர் பலர் உளர். நெடுங்காலம் கிடந்த வாளில் பெற்றோல் பிசினாகிக் காபரேற்றரின் நுண்துளைகளை அடைத்திருக்கும். றப்பர்க் குழாய்கள் இறுகி வெடித்திருக்கும். தீப்பொறி தரும் தொடுகைகள் கறுத்திருக்கும். இவற்றைத் துப்புரவாக்குதலும் மாற்றுதலும் பொறுமையால் ஆகும். மக்னீசிய உடல் அரிக்கப்படின் அதனை மீட்பது அரிது. உப்புக்காற்று ஓயாது வீசும் சாம்பல்தீவு போன்ற கரையோரத்தில் இவ்வரிப்பு மிக விரைவானது. ஆகவே இங்கு காலந்தாழ்த்தல் என்பது கைவிடுதலுக்கு ஒப்பாகும்.

பழுதுபார்த்துப் பேணுதல் நம்மவர்க்கு அந்நியமான கலையன்று. 1990களில் எரிபொருட் தடை நிலவியபோது யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் சில துளி பெற்றோலால் எஞ்சினைத் தொடக்கி, மண்ணெண்ணெயால் வாகனங்களை ஓட்டினர். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் அங்கு பல்லாண்டு உயிர்வாழ்ந்தமை அக்கைத்திறனாலேயே. மேலைநாட்டார் ஓய்வுநேரத்திற் பயிலும் கலையை நம்மவர் இடர்க்காலத்திற் பயின்றனர்.

பேணுதலில் இரு நெறிகள் உள. ஒன்று, புதுநிறம் பூசிப் புதியதுபோலாக்குதல். மற்றொன்று, தேய்வையும் தழும்பையும் விடுத்து, கெடாமல் மட்டும் காத்தல். வரலாற்று மாணவனுக்குப் பின்னையதே உகந்தது. கைப்பிடியின் தேய்வு, பொருந்தாத ஆணி, உள்ளூர்க் கொல்லன் அடித்துச் செய்த மாற்றுறுப்பு என்பன தொழிற்சாலை அறியாத செய்திகளைக் கூறும். பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டப்பட்டு 1817இல் நீரில் இறக்கப்பட்ட, திருக்கோணமலை என்னும் பெயர்கொண்ட போர்க்கப்பல், 1990 முதல் 2001 வரை இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் செப்பனிடப்பட்டு இன்றும் காட்சிக்குரியதாக உள்ளது. நம் ஊர்ப் பெயர் தாங்கிய கப்பலுக்குப் பிறர் காட்டிய அக்கறையில் ஒரு சிறு பங்கையேனும் நம் ஊர் ஈர்வாளுக்கு நாம் காட்டுதல் வேண்டாமா?

போரினாலும், 2004 திசம்பர் 26ஆம் நாட் கடற்கோளினாலும் இக்கரையோர மக்கள் வீடிழந்து பெயர்ந்தனர். உயிர்காத்து ஓடுவோர் வாளையும் வாய்ச்சியையும் சுமந்து செல்வதில்லை. எஞ்சியவற்றைத் திரட்டுதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. பல்கலைக்கழக மாணவர் விடுமுறையிற் கிராமங்கள் தோறும் சென்று கருவிகளைப் பதிவு செய்யலாம். அவற்றை இழுத்த முதியோரின் சொற்களை ஒலிப்பதிவு செய்யலாம். பாடசாலை ஒன்றின் அறையிலேனும் அவற்றை ஒழுங்குற வைக்கலாம். கருவி மட்டும் கிடைத்து அதன் வழக்குச் சொற்கள் மறையின், அது பொருள் விளங்காத கல்வெட்டுக்கு ஒப்பாகும். இரும்பு துருவேற ஆண்டுகள் பல செல்லும். முதியோர் நினைவோ அத்துணைக் காலம் காத்திராது. எனவே பணி அவர்களிடமிருந்தே தொடங்கப்படுதல் வேண்டும்.