வேடந்தாங்கலும் விருந்தினர் கடமையும்



அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் நாளில் இல்லந்தோறும் ஒரு வினா எழுவது வழக்கம். "எங்கே போகலாம்?" என்பதே அது. யான் வாழும் ஊரப்பாக்கத்திலும் ஆண்டுதோறும் மார்கழித் திங்களில் இவ்வினா தவறாது எழுகின்றது. எங்கள் ஊர் தாம்பரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் இடையே, திருச்சி நெடுஞ்சாலையின்மேல் அமைந்தது. விடுமுறை நாள்களில் அச்சாலை வழியே தெற்கு நோக்கி விரையும் ஊர்திகளை எண்ணி மாளாது. அவற்றுள் அமர்ந்து செல்வோர் அனைவரும் தாம் செல்லும் இடத்தை நன்கு அறிவர். ஆனால், 'யார் வீட்டுக்கு விருந்தினராகப் போகிறோம்?' என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. இந்த இரண்டாம் வினாவைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

இவ்வினா நம் முன்னோர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டு என்னும் தொகுதியில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை என்பதை நீங்கள் பாடத்தில் கற்றிருப்பீர்கள். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்தல் என்றால் வழியில் செலுத்துதல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் ஒரு பாணனை அனுப்பி வைக்கின்றது. அந்நூல் வழியை மட்டும் கூறி நின்றுவிடவில்லை. எயினர், ஆயர், உழவர், வலைஞர் எனப் பலதிறத்து மக்கள் வாழும் இடங்கள் வழியில் வரும் என்றும், அவர்கள் எவ்வெவ்வுணவு தந்து ஓம்புவர் என்றும் விரிவாக எடுத்துரைக்கின்றது. மலைபடுகடாமோ, பன்றிக்கு வைத்த பொறியையும், புனம் காப்போர் வீசும் கவண்கல்லையும் கூறி, விழிப்போடு செல்லுமாறு கூத்தரை எச்சரிக்கின்றது. செல்லும் நிலத்தின் இயல்பையும் மக்களின் ஒழுக்கத்தையும் அறிந்த பின்னரே பயணம் தொடங்க வேண்டும் என்பது அன்றைய நெறி.

அந்நெறி நம் காலத்துக்குப் பொருந்துமா என்று ஐயுறுவோர், அதே தொண்டை நாட்டில் உள்ள ஒரு சிற்றூரின் வரலாற்றை நோக்குவாராக. எங்கள் ஊரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தெற்கே, படாளத்தின் அருகே நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பினால் அவ்வூரை அடையலாம். வேடந்தாங்கல் என்பது அதன் பெயர். தாங்கல் என்றால் இப்பகுதியில் சிற்றேரி. வேடர் தங்கி வேட்டையாடிய இடமாதலின் இப்பெயர் வந்தது என்பர். வேடன் பெயரைத் தாங்கிய ஊரே பறவைகளின் புகலிடமாயிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது? 1763இல் செங்கற்பட்டுச் சீமையை ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் ஜாகீராகப் பெற்றனர். அக்காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் ஓய்வு நாள்களில் வேடந்தாங்கல் ஏரிக்கு வந்து, மரங்களில் கூடு கட்டியிருந்த பறவைகளைச் சுட்டுப் பொழுது போக்கினர் என்பது வழிவழியாக வரும் செய்தி. இதனைக் கேட்டு வியப்படையாதீர்கள். அவர்களும் ஒருவகையில் விடுமுறைப் பயணிகளே! பொழுதுபோக்கு நாடி வந்தார்கள். எவர் ஊர் என்று கேட்கவில்லை.

ஊரார் துப்பாக்கிக்கு எதிராகத் தடி எடுக்கவில்லை. சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பாரிடம் சென்று முறையிட்டனர். அவரும் அவர்தம் உரிமையை ஏற்று, ஏரியில் எவரும் பறவைகளைக் கொல்லலாகாது என்று கவுல் ஒன்றை எழுதித் தந்தார். கவுல் என்பது அரசு குடிகளுக்கு அளிக்கும் உறுதிமொழி ஓலை. இது 1798இல் நிகழ்ந்தது எனப் பொதுவாகக் கூறுவர். அவ்வுரிமை 1858இல் மற்றொரு கலெக்டரால் மீண்டும் உறுதி செய்யப்பெற்றது. வட அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1872இல்தான். அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே, தொண்டை நாட்டு உழவர் சிலர், தம் ஊருக்கு வருவோர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை அரசின் வாயிலாக எழுதி வாங்கிவிட்டனர். 1936இல் இவ்வேரி பறவைகள் சரணாலயமாக ஏற்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மேலும் வலுவூட்டியது. 2022இல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலிலும் அது இடம் பெற்றது. உழவர் கேட்ட ஓலை, உலகம் ஒப்பும் உரிமையாக வளர்ந்த வரலாறு இது.

உழவர் ஏன் இவ்வளவு அக்கறை கொண்டனர்? அருளுணர்வு ஒரு காரணம். அறிவுடைமை மற்றொரு காரணம். நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, வக்கா, பாம்புத்தாரா, கரண்டிவாயன், நீர்க்காகம் முதலியன இங்கே ஏரி நீருள் நிற்கும் கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூடு கட்டுகின்றன. சுற்றிலும் நீர் இருத்தலின் பூனையும் நரியும் கூட்டை அணுக இயலாது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் இந்நீரில் கலந்து, தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த உரமாகின்றது. மதகு திறந்ததும் அந்நீர் வயலுக்குப் பாய்கின்றது. நெல் செழிக்கின்றது. ஏரி பறவையைக் காக்க, பறவை வயலை வளர்க்க, வயல் உழவனைப் பேண, உழவன் ஏரியைக் காக்கின்றான். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை நில்லா. ஆதலால் அன்றோ, தீபாவளி நாளிலும் அவ்வூர் மக்கள் வெடி வெடிப்பதைத் தவிர்த்து வருகின்றனர்! குழந்தைகளுக்கு அது எளிய தியாகமா என்பதை மாணவர்களாகிய நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இவ்வுண்மைகளை யான் நூலில் கற்பதற்கு முன் அவமானத்தில் கற்றேன். அதனை மறைப்பது முறையன்று. ஆசிரியப் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், மாணவர் நாற்பதின்மரை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்றேன். பறவைகள் மரங்களில் அசையாது அமர்ந்திருந்தன. அவை பறக்கும் காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்னும் ஆவல் என்னைப் பற்றிக்கொண்டது. "எல்லாரும் ஒன்றாகக் கைதட்டுங்கள்" என்றேன். நாற்பது இணைக் கைகள் ஒலித்தன. அண்மையில் இருந்த மரங்களிலிருந்து நாரைகள் கூட்டமாக எழுந்தன. பிள்ளைகள் ஆரவாரித்தனர், யானும் மகிழ்ந்தேன்.

கரைமேல் நின்றிருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் எம்மை நோக்கி வந்தார். அவர் சினந்து பேசவில்லை. கைகாட்டி ஒரு மரத்தைப் பார்க்கச் சொன்னார். தாய்ப்பறவை எழுந்து சென்ற கூட்டில் காகம் ஒன்று இறங்கியது. அலகில் முட்டையைக் கவ்விக்கொண்டு பறந்தது. "வாத்தியார் ஐயா, நீங்கள் பார்க்க வந்தீர்கள்; அவை குஞ்சு பொரிக்க வந்திருக்கின்றன" என்றார் அவர். வேறொன்றும் கூறாது திரும்பிச் சென்றார். யான் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவும் கூசினேன். சிப்பாயின் துப்பாக்கியும் என் கைதட்டலும் அக்கூட்டுக்கு ஒரே பயனைத்தானே தந்தன? துப்பாக்கி ஏந்தியவன் தீங்கு செய்கிறோம் என்பதையேனும் அறிந்திருந்தான். யானோ கற்பிப்பதாக எண்ணிக்கொண்டே அத்தீங்கைச் செய்தேன். பேருந்தில் திரும்புகையில் பிழை என்னுடையது என்று மாணவரிடம் ஒப்புக்கொண்டேன். அன்று கற்ற பாடத்தை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள் என நம்புகின்றேன்.

ஆகவே, நீங்கள் இவ்விடுமுறையில் பெற்றோருடன் அங்கே செல்வதாயின், அப்பயணத்தைத் திட்டமிடும் பணியில் நீங்களும் பங்கு கொள்ளுங்கள். முதலாவது, காலம் அறிதல். வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பிய பின், கார்த்திகை முதல் மாசி வரை பறவைகள் மிகுதியாக இருக்கும். மழை பொய்த்த ஆண்டில் அவை குறைந்தே வரும். ஏரியில் நீர் உண்டா என்று விசாரித்துப் புறப்படுவது நன்று. காலைப் பொழுதும் மாலைப் பொழுதும் ஏற்றவை.

இரண்டாவது, ஒழுக்கம் அறிதல். கரையில் அமைந்த பாதையை விட்டு இறங்கலாகாது. உரத்த குரல், ஒலிபெருக்கி, ஊர்தியின் ஊதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் ஆடையை விட இலையின் நிறமும் மண்ணின் நிறமும் கொண்ட ஆடை சிறந்தது. தொலைநோக்கி ஒன்று இருப்பின், அருகே செல்லும் ஆசை தானே அடங்கும்.

மூன்றாவது, சுமையாக இராமை. புளிச்சோறும் தயிர்ச்சோறும் தூக்குப் பாத்திரத்தில் கொண்டு செல்லுங்கள். பிளாஸ்டிக் பையும் புட்டியும் ஏரிக்கரையில் தங்கலாகாது. கொண்டு சென்ற யாவும் உங்களோடு திரும்ப வேண்டும். இளநீரும் வேர்க்கடலையும் அவ்வூராரிடமே வாங்குங்கள். உங்கள் வருகையால் அவர்கள் அடுப்பும் சற்று எரியட்டும். ஒருவரைப் படம் பிடிக்குமுன் அவர் இசைவைக் கேளுங்கள்.

திரும்பும் வழியில் நேரம் இருப்பின் மதுராந்தகத்துக்கும் சென்று வாருங்கள். அங்குள்ள பேரேரி உடையும் நிலையில் இருந்த மழை இரவில், இராமனே வில்லேந்திக் கரை காத்ததைக் கலெக்டர் பிளேஸ் கண்டதாக ஒரு கதை வழங்குகின்றது. ஏரி காத்த இராமர் என்னும் பெயர் அதனால் வந்தது என்பர். தாயார் சந்நிதித் திருப்பணியில் அவர் பெயரைத் தாங்கிய கல்வெட்டும் உண்டு. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் உரிமை. பறவைகளுக்குக் கவுல் தந்த அதே கலெக்டரை, ஏரி காத்த கதையோடும் மக்கள் இணைத்து வைத்திருக்கின்றனர் என்பதை மட்டும் கருதுங்கள். ஏரியைப் பேணுவோரை இந்நிலத்து மக்கள் எளிதில் மறப்பதில்லை.

மாணவ மணிகளே! விருந்தோம்பலைப் பற்றி நாம் நிறையப் பேசுகின்றோம். விருந்தினராகச் செல்பவருக்கும் ஓர் அறம் உண்டு. வீட்டாரின் வழக்கத்தை அறிந்து, அதற்கு இயைந்து நடந்து, அவர்தம் இல்லம் முன்பு இருந்தவாறே இருக்க விடைபெறுதலே அந்த அறம். வேடந்தாங்கல் மக்கள் அதனை ஒரு காலத்தில் ஓலையில் எழுதி வாங்க வேண்டியிருந்தது. நம்மிடம் அவர்கள் எழுதி வாங்கவேண்டிய நிலை வரலாகாது. அடுத்த முறை இல்லத்தில் "எங்கே போகலாம்?" என்னும் பேச்சு எழும்போது, "அங்கே இருப்பவர் யார்?" என்று நீங்கள் கேளுங்கள். அக்கேள்வியிலிருந்தே உங்கள் பயணம் தொடங்கட்டும்.