பயணிகள் கார்களின் கார்பன் டைஆக்சைடு ஆய்வகச் சோதனை

புதிய கார் ஒன்று கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கார்பன் டைஆக்சைடு வெளியிடுகிறது என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆய்வகத்தில்தான் அளக்கிறார்கள். பல நாடுகளில் வாகன வரியும், உற்பத்தி நிறுவனங்களுக்கான சராசரி உமிழ்வு இலக்கும் இந்த எண்ணைப் பொறுத்தவை. ஆகவே எண் குறைந்தால் யாருக்கு லாபம் என்பதை மறந்துவிட்டு இந்தச் சோதனையைப் புரிந்துகொள்ள முடியாது.

சோதனைக்கு முன் காரைக் குறைந்தது 6 மணி நேரம் அறை வெப்பநிலையில் நிறுத்தி, எஞ்சினை ஆறவிடுவார்கள். பின்பு சேசிஸ் டைனமோமீட்டரின் உருளைகள்மேல் ஏற்றுவார்கள். கார் நின்ற இடத்திலேயே நிற்க, சக்கரங்கள் மட்டும் சுழலும். ஓட்டுநர் திரையில் நகரும் வேகக்கோட்டைப் பின்பற்றி ஓட்டுவார். ஏ.சி. அணைந்திருக்கும். வெளிவரும் புகையைக் காற்றோடு கலந்து, அதில் ஒரு பகுதியைப் பைகளில் சேகரித்து, அகச்சிவப்புக் கதிர் பகுப்பாய்வுக் கருவியால் அளப்பார்கள். கலந்த காற்றில் ஏற்கெனவே இருந்த கார்பன் டைஆக்சைடைக் கழித்துவிடுவார்கள். எரிபொருள் செலவையும் புகையிலுள்ள கார்பனிலிருந்தே கணக்கிடுகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு வரும்.

கருவிகள் துல்லியமானவை. ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. உருளைமேல் நிற்கும் காருக்கு எதிர்க்காற்றும் சாலை உராய்வும் இல்லை. அவற்றுக்கு ஈடான சுமையை உருளைதான் தர வேண்டும். அந்தச் சுமை எவ்வளவு என்பதை அறிய, ஓட்டப்பாதையில் காரை வேகமாக ஓட்டி, நியூட்ரலில் விட்டு, அது எவ்வளவு நேரத்தில் வேகம் இழக்கிறது என்று பார்க்கிறார்கள். இதற்குக் கோஸ்ட் டவுன் என்று பெயர். இங்கே எதிர்ப்பைச் சற்றுக் குறைத்துக் காட்டினாலே போதும், ஆய்வகத்தில் எல்லா அளவும் குறைந்துவிடும்.

பழைய என்.இ.டி.சி. முறையில் ஓட்டம் 1180 வினாடிகள், சுமார் 11 கிலோமீட்டர். அதில் நிற்கும் நிலையிலிருந்து மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 26 வினாடி. அப்படி யார் ஓட்டுகிறார்கள்? அளந்த மதிப்பைவிட 4 சதவீதம் வரை குறைவாக அறிவிக்கவும் அனுமதி இருந்தது. ஐ.சி.சி.டி. ஆய்வமைப்பின் கணக்குப்படி, 2001-இல் சுமார் 9 சதவீதமாக இருந்த ஆய்வக-சாலை இடைவெளி, 2015-இல் 42 சதவீதமானது. இந்தியாவின் எம்.ஐ.டி.சி. சோதனை முறையும் இதே குடும்பம்தான். உச்ச வேகத்தை மட்டும் மணிக்கு 90 கிலோமீட்டராகக் குறைத்துக்கொண்டார்கள்.

2017 செப்டம்பரில் புதிய வகைகளுக்கும், ஓராண்டில் எல்லாப் புதிய கார்களுக்கும் டபிள்யூ.எல்.டி.பி. முறை வந்தது. ஓட்டம் 1800 வினாடிகள், சுமார் 23 கிலோமீட்டர், உச்ச வேகம் மணிக்கு 131 கிலோமீட்டர். காரில் சேர்க்கும் கூடுதல் வசதிகளின் எடையும் கணக்கில் வரும். உடனே எதிர்த்திசையில் ஒரு தந்திரம் முளைத்தது. 2025-ஆம் ஆண்டு இலக்கு 2021-ஆம் ஆண்டின் அளவிலிருந்து சதவீதமாகக் குறைக்கப்படவிருந்ததால், தொடக்க அளவு உயர்ந்திருப்பதே நிறுவனங்களுக்கு வசதியாக இருந்தது. பேட்டரியில் சார்ஜைக் குறைத்தும், கார் நிற்கும்போது எஞ்சினைத் தானே அணைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியை அணைத்தும் சோதனை எண்ணை ஏற்றியதை 2018-இல் ஐரோப்பிய ஆணையம் வெளிப்படுத்தியது.

2021 முதல் புதிய கார்களில் எரிபொருள் பதிவுக் கருவி கட்டாயம். ஆணையம் 2024-இல் வெளியிட்ட தரவின்படி, சாலையில் பெட்ரோல் கார்களின் உமிழ்வு அதிகாரபூர்வ எண்ணைவிட 23.7 சதவீதமும், டீசல் கார்களுடையது 18.1 சதவீதமும் கூடுதல். சார்ஜ் செய்யும் ஹைபிரிட் கார்களிலோ சராசரியாக 3.5 மடங்கு. உரிமையாளர் அடிக்கடி சார்ஜ் போட்டு மின்சாரத்தில் ஓட்டுவார் என்று அதிகாரபூர்வ எண்ணைக் கணக்கிடும் சூத்திரம் தாராளமாக நம்பியிருந்தது. மின்சாரத்தில் ஓடுவதாகக் கற்பித்த அந்தப் பங்கை 2025 முதல் புதிய வகைகளுக்குக் குறைத்துள்ளார்கள்.