குப்பைன்னா எங்க ஊர்ல எரு

சித்திரை, வைகாசியில எங்க கள்ளக்குறிச்சி பக்கம் ரெண்டு விவசாயிங்க பார்த்துக்கிட்டா, "குப்பை அடிச்சாச்சா?"ன்னு கேட்டுக்குவாங்க. பட்டணத்து ஆளுங்களுக்கு இது விளங்காது. இங்க குப்பைன்னா எரு. மாட்டுக்கொட்டாயில வாரின சாணி, மாடு கழிச்ச வைக்கோல், அடுப்புச் சாம்பல், மல்லாட்டைத் தோல் எல்லாம் வருஷம் முழுக்க ஒரே குழியில சேரும். கோடையில அதை வண்டியில ஏத்தி நிலத்துல சின்னச் சின்னக் குவியலா கொட்டி, இறைச்சுவிட்டு, ஆடிப்பட்டத்துக்கு உழுவோம். சென்னையில குப்பைன்னா தூக்கி எறியறது. ஒரே வார்த்தைக்கு இப்படி ரெண்டு அர்த்தம் எப்படி வந்துச்சுன்னு மாடித்தோட்டம் போடுற உறவுகளுக்குச் சொல்லணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்.

பழைய கணக்கு ரொம்ப எளிசு: மண்ணுல இருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் குடுக்கணும். உழுறதைவிட எரு போடுறது நல்லதுன்னு திருவள்ளுவரே உழவு அதிகாரத்துல சொல்லியிருக்கார். கல்வராயன் மலையில 1976 வரைக்கும் ஜாகீர்தாருங்க ஆதிக்கம்தான். அங்க இருக்கிற மலையாளி மக்கள் ஏர் போகாத சரிவைக் கொத்தி சாமை, தினை விதைச்சாங்க. மண்ணு களைச்சுப் போனா சில வருஷம் சும்மா போட்டு வச்சாங்க. வீட்டை ஒட்டி அவரையும் பூசணியும் படரும். சமையல் கழிவும் கழுவின தண்ணியும் அதுங்களுக்குத்தான். இப்போ 'கிச்சன் கார்டன்'னு சொல்றது அதைத்தான்.

இந்த அறிவை எழுத்துல கொண்டுவந்தவங்கள்ல முக்கியமான ஆள் ஆல்பர்ட் ஹோவர்டுங்கிற வெள்ளைக்காரர். 1905-ல பீகார்ல இருக்கிற பூசாவுக்கு விஞ்ஞானியா வந்தவர், இங்கத்த குடியானவங்களைத் தன்னோட வாத்தியாருங்கன்னு சொன்னார். 1924-ல இருந்து இந்தூர்ல வேலை செஞ்சு, யஷ்வந்த் வாட் கூட சேர்ந்து 1931-ல ஒரு புத்தகம் போட்டார். செடிக்கழிவு, சாணி, மாட்டு மூத்திரம் ஊறின மண்ணு, சாம்பல் இதையெல்லாம் அடுக்கடுக்கா போட்டு, இடையில புரட்டி விட்டா சுமார் 3 மாசத்துல எரு ஆயிடும். இதுதான் 'இந்தூர் முறை'. நம்ம ஆளுங்க சாணியை வறட்டி தட்டி எரிக்கிறதையும் மூத்திரத்தை வீணாக்குறதையும் அவர் குறையா சொன்னார். அது நியாயமான பேச்சு. வெளிநாட்டுல 'ஆர்கானிக்'னு பேசுறதுக்குப் பெரிய வேர் இந்த வேலைதான்.

பட்டணத்துக் குப்பையும் ஒரு காலத்துல எருதான். 1939-ல சி. என். ஆச்சாரியா கொண்டுவந்த 'பெங்களூரு முறை'யில, தெருக்குப்பையையும் மனுசக்கழிவையும் பள்ளத்துல மாத்தி மாத்தி அடுக்கி மண்ணுபோட்டு மூடுவாங்க. சில மாசத்துல மக்கிடும். நகராட்சிங்க அதை விவசாயிங்களுக்கு வித்துச்சு. ஆனா இதைப் பொற்காலம்னு நான் சொல்ல மாட்டேன். அந்தக் கழிவைக் கையால அள்ளித் தலையில சுமக்கணும்னு சில சாதி மக்கள் தலையில கட்டி வச்சிருந்தோம். அதைத் தடுக்க 1993-லயும் 2013-லயும் சட்டம் போட வேண்டியதாச்சு. சங்கிலி திரும்ப இணையணும், ஆனா அந்த வழியில இல்ல.

சங்கிலி அறுந்தது ரெண்டு பக்கமும். எங்க பக்கம் யூரியா வந்துச்சு. 1960-கள்ல நெய்வேலியில பழுப்பு நிலக்கரியை வச்சே யூரியா பண்ணாங்க. 1971-ல மணலி ஆலை ஓட ஆரம்பிச்சுது. பத்து வண்டி குப்பை அடிக்கிற இடத்துல ஒரு மூட்டை போதும்னு ஆச்சு. டிராக்டர் வந்ததும் மாடு குறைஞ்சுது, மாடு குறைஞ்சதும் குழி தூர்ந்துது. உங்க பக்கம் பிளாஸ்டிக் வந்துச்சு. கண்ணாடித் துண்டும் கேரிபேக்கும் கலந்ததை எந்த விவசாயி நிலத்துல கொட்டுவான்? பெருங்குடியும் கொடுங்கையூரும் மலையா ஆனது அப்படித்தான். ஈரம் வேற, காய்ஞ்சது வேற, ஆபத்தானது வேறன்னு வீட்டுலயே பிரிக்கணும்னு 2016 விதியிலயே தெளிவா சொல்லியிருந்தாங்க.

2013-14 வாக்குல தோட்டக்கலைத் துறை சென்னையிலயும் கோவையிலயும் மாடித்தோட்டத்துக்கு பை, விதை, தென்னைநார்க்கழிவு எல்லாம் மானியத்துல குடுத்துச்சு. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊரா பேசின பேச்சும் நிறைய பேரைத் தோட்டத்துப் பக்கம் திருப்புச்சு. நல்லதுதான். ஆனா மாடித்தோட்டம் வச்சிருக்கிற சில வீட்டுல நான் பார்த்தது, மண்புழு உரத்தை கடையில மூட்டையா வாங்குறாங்க, காய்த்தோலை மாநகராட்சி வண்டியில போடுறாங்க. அந்தத் தோல்ல இருக்கிறது எங்க மண்ணோட சத்து. மரவள்ளியும் கத்திரியும் லாரி ஏறும்போது அதுவும் கூடவே ஏறிப் போவுது. அதைத் திருப்பி கள்ளக்குறிச்சிக்கு அனுப்புங்கன்னு கேட்கல. குப்பைமேட்டுல புதைக்காம உங்க தொட்டிக்காவது போடுங்க.

ஓட்டை போட்ட ஒரு பழைய பக்கெட் போதும். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு ரெண்டு பங்கு காய்ஞ்ச இலை, மேல ஒரு கை பழைய எரு. நாத்தம் அடிச்சா ஈரம் கூடிப்போச்சுன்னு அர்த்தம், இலை சேருங்க. காய்ஞ்சு கிடந்தா தண்ணி தெளிங்க. வாரம் ஒரு தடவை கிளறி விடுங்க. மூணு மாசத்துல கருகருன்னு, மண்வாசனையோட இருக்கும். அதுல முதல்ல ஒரு அவரை விதை ஊணுங்க.